எல்.இ.டி. கைவிளக்கு வாங்குமுன் அதன் பொத்தானையும் பிரகாசத்தையும் பரீட்சித்தல்

விவசாயியின் வேலை சூரியாஸ்தமனத்தோடு முடிவதில்லை. மும்முனை மின்சாரம் இரவு முறையில் வரும் ஊர்களில் நடுநிசியில் வரப்பின் மேல் நடந்து மோட்டார்க் கொட்டகைக்குச் செல்ல நேரிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஏரி நிரம்பிவிட்டால் கரையையும் மதகையும் கலங்கலையும் இரவில் சுற்றிப் பார்ப்பது ஆயக்கட்டுதாரருக்கும் கிராம அதிகாரிகளுக்கும் உரிய கடமை. மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமரைப் பற்றி வழங்கிவரும் ஐதிகமும் இரவில் கரையைக் காத்து நிற்பதைப் பற்றியதே. இவ்வேலைகளுக்கு அரிக்கன் விளக்கு பயன்பட்ட காலம் போய், இப்பொழுது எல்.இ.டி. கைவிளக்கே எங்கும் வழங்குகிறது. ஆனால் அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பலர் அறியார். பெட்டியின் மேல் உள்ள எண்களையும் விளக்கின் முகப்பில் உள்ள மணிகளின் தொகையையும் பார்த்து வாங்கி, மழைக்கால இரவில் ஏமாற்றம் அடைகின்றனர்.

இது சொற்பச் செலவுள்ள பொருளாயிற்றே என்று அலட்சியம் செய்தல் கூடாது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று 2020-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கிராமவாசிகள். 2024-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாகப் பிரகடனம் செய்தது. கட்டு விரியன் இரவில் நடமாடும் இயல்புடையது. கண்ணாடி விரியனும் பெரும்பாலும் இருட்டிய பின்னரே இரை தேடுகிறது. அதன் உடல் நிறம் காய்ந்த சருகோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதை 1972 முதல் கிண்டியில் உள்ள பாம்புப் பண்ணைக்குச் சென்று பார்த்தோர் அறிவர். காலடிக்கு முன்னால் உள்ள சில அடி நிலத்தைத் தெளிவாகக் காட்டும் விளக்கு உயிர்காக்கும் கருவி என்றே கொள்ளத்தக்கது.

செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் ஜில்லாக்களின் குடியானவர் பலர் இத்தகைய பொருள்களைச் சென்னையிலேயே வாங்குகின்றனர். செங்கற்பட்டு மின்சார ரயிலில் வந்து மாம்பலத்தில் இறங்கினால் ரங்கநாதன் தெருவும் உஸ்மான் சாலையும் அருகிலேயே இருக்கின்றன. மயிலாப்பூர் மாட வீதிகளிலும், லஸ் முனையிலும், அடையாற்றிலும் மின்சாரச் சாமான் கடைகள் உண்டு. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சித் தெருவில் மின்னணுப் பொருள்கள் மிகுதியாய்க் கிடைக்கும். எக்கடையில் வாங்கினும் பின்வரும் பரீட்சைகளைச் செய்து வாங்குவது நலம்.

1. மணிகளின் தொகை பிரகாசத்தின் அளவு அன்று

வெள்ளொளி தரும் எல்.இ.டி.க்கு ஆதாரமானது நீல எல்.இ.டி. ஆகும். அதனை 1990-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஆக்கிய ஜப்பானிய விஞ்ஞானிகளான அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் பௌதிக சாஸ்திரத்திற்கான நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. நீல ஒளியின் ஒரு பகுதியை மேலே பூசப்பட்ட மஞ்சள் நிறப் பொடி மாற்றுவதனால் நம் கண்ணுக்கு வெள்ளொளி தோன்றுகிறது.

கடைகளில் உள்ள விளக்குகளை இருவகையாகப் பிரிக்கலாம். முதல் வகையில், குன்றிமணியினும் சற்றுப் பெரிய, 5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சிறு மணிகள் ஒன்பது, பன்னிரண்டு, இருபது என்று வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். இத்தகைய மணி ஒன்று சாதாரணமாக 20 மில்லி ஆம்பியர் மின்சாரத்தையே தாங்கும். அதன் அழுத்தம் 3.2 வோல்ட் எனக் கொண்டால், ஒரு மணி செலவிடும் சக்தி வாட்டில் பதினாறில் ஒரு பங்கே. அது நல்ல மணியாயினும் ஐந்தாறு லூமனுக்கு மேல் ஒளி தருவது அரிது. ஆகவே ஒன்பது மணிகளும் சேர்ந்து ஐம்பது லூமன் அளவில் நின்றுவிடும். லூமன் என்பது ஒரு விளக்கிலிருந்து எல்லாப் பக்கங்களிலும் வெளிப்படும் ஒளியின் மொத்த அளவு.

இரண்டாம் வகையில், சதுரமான மஞ்சள் வில்லை போன்ற பெரிய எல்.இ.டி. ஒன்றோ, மூன்றோ, நான்கோ இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு வாட் அல்லது அதற்கு மேலும் சக்தியைத் தாங்கும். ஒரு வாட்டுக்கு நூறு லூமன் என்பது நியாயமான மதிப்பு. எனவே இத்தகைய ஒரே எல்.இ.டி. முதல் வகையின் பதினெட்டு மணிகளுக்கு ஈடாகும்.

சிறு மணிகள் உள்ள மலிவான விளக்குகளில் மற்றொரு குறையும் உண்டு. ஒவ்வொரு மணிக்கும் தனித் தடையம் வைக்காமல் எல்லாவற்றையும் இணைத்துவிட்டால், சில மணிகள் அதிக மின்சாரத்தை இழுத்துச் சீக்கிரம் கெட்டுப்போகும். இதனை அறிய, பழைய மின்கலத்தைப் போட்டு மங்கலாக எரியவிட்டு முகப்பைப் பார்க்க வேண்டும். எல்லா மணிகளும் ஒரே அளவாய் எரிந்தால் நன்று. சில பளிச்சென்றும் சில மங்கியும் எரியுமாயின் அவ்விளக்கைத் தள்ளிவிடுக.

2. பெட்டியின் மேல் உள்ள எண்களைக் கணக்கிட்டுப் பார்த்தல்

பெட்டியின் மேல் லூமன், எரியும் நேரம், ஒளி எட்டும் தூரம் ஆகிய மூன்றும் காணப்படலாம். கைவிளக்குகளை அளப்பதற்கு 2009-இல் அமெரிக்காவில் எஃப்.எல். 1 என்னும் நியமம் ஏற்பட்டது. அதன்படி லூமன் என்பது விளக்கை ஏற்றி அரை நிமிஷத்திற்குப் பின் அளந்தது. எரியும் நேரம் என்பது ஒளி தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை உள்ள காலம். தூரம் என்பது ஒளி 0.25 லக்ஸாகக் குறையும் இடம். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் ஒளி விழுந்தால் அது ஒரு லக்ஸ். 0.25 லக்ஸ் என்பது ஏறக்குறைய பௌர்ணமி நிலாவின் வெளிச்சம். ஆகவே பெட்டியில் 100 மீட்டர் என்று இருப்பின், அங்கே நிலவொளி அளவே கிடைக்கும். அதில் ஆள் நிற்பது தெரியலாம். கரையில் விழுந்த வெடிப்போ கட்டு விரியனோ தெரியாது.

ஒளி தூரத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் குறைகிறது. விளக்கிலிருந்து 5 மீட்டரில் 100 லக்ஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 25 மீட்டரில் அது 4 லக்ஸாகும். 50 மீட்டரில் 1 லக்ஸாகும். 100 மீட்டரில் 0.25 லக்ஸாகும். தூரத்தை இரட்டிக்க வேண்டுமாயின் முகப்பின் நடுவொளி நான்கு மடங்கு வேண்டும். பெட்டியில் கண்ட தூரத்தில் கால் பங்கையே வேலைக்குரிய தூரமாக வைத்துக்கொள்வது அனுபவத்திற்கு ஒத்தது.

பொய்யான எண்ணைக் கண்டுபிடிக்க மற்றொரு கணக்கு உதவும். 18 மில்லிமீட்டர் குறுக்கும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள லித்தியம் மின்கலத்திற்கு 18650 என்று பெயர். அதில் 2000 மில்லி ஆம்பியர்-மணி என்று இருந்தால், 3.7 வோல்ட்டால் பெருக்க 7.4 வாட்-மணி ஆகிறது. வாட்டுக்கு நூறு லூமன் வீதம் 740 லூமன்-மணி கிடைக்கும். அதாவது 740 லூமன் ஒரு மணி நேரம், அல்லது 74 லூமன் பத்து மணி நேரம். “ஆயிரம் லூமன், பத்து மணி நேரம்” என்று ஒரு பெட்டி கூறுமானால் அதற்குப் பதினாயிரம் லூமன்-மணி வேண்டும். பதினான்கு மின்கலங்களால் ஆகக்கூடியதை ஒன்று செய்வதாகக் கூறும் அவ்வெண்ணை நம்பலாகாது. அவ்வாறே இவ்வளவுள்ள மின்கலத்தின் மேல் 9900 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருப்பின் அதுவும் பொய். நல்ல மின்கலமும் 3500 அளவிலேயே நிற்கும்.

3. கடையில் பிரகாசத்தைப் பரீட்சித்தல்

தியாகராய நகர்க் கடைகளின் வெளிச்சத்தில் எந்தக் கைவிளக்கும் சரியாகத் தெரியாது. அங்கே பகலைப்போல் ஒளி நிறைந்திருப்பதால், நல்லதும் அற்பமானதும் ஒன்றுபோல் தோன்றும். மேலும் நமது கண், ஒளி இரு மடங்கானாலும் சற்றே கூடியதாகத்தான் உணரும். ஆதலால் கண்மதிப்பை மட்டும் நம்பாமல், ஒப்பிட்டுப் பார்த்தலே தகுந்த முறை. அது வருமாறு:

(அ) வீட்டில் உபயோகித்துப் பழகிய கைவிளக்கை, நிறைந்த மின்கலத்துடன், கையோடு கொண்டு செல்க. அதுவே அளவுகோல்.

(ஆ) கடைக்காரரிடம் காலியான பெரிய அட்டைப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, அதனைப் பக்கவாட்டில் சாய்த்து, உட்புறத்தில் இரு விளக்குகளின் ஒளியையும் அருகருகே விழச்செய்க. மாடிப்படியின் கீழோ சரக்கு அறையிலோ இருட்டிடம் கிடைத்தால் வெள்ளைச் சுவரில் இவ்வாறு பார்க்கலாம்.

(இ) சுவரிலிருந்து நான்கு தப்படி தள்ளி நின்று ஒளிவட்டத்தைக் கவனிக்கவும். நடுவில் உள்ள பொட்டு தூரத்தைக் காட்டும். சுற்றிலும் பரவும் மெல்லொளி காலடியைக் காட்டும். நடுப்பொட்டு மட்டும் உள்ள விளக்கு வரப்பில் நடப்பதற்கு உதவாது. கரும்வளையங்களும் புள்ளிகளும் நிறைந்த ஒளிவட்டம் கண்ணை ஏமாற்றும்.

(ஈ) சருகு, செம்மண் நிறத் துணி, பச்சை இலை ஆகியவற்றின் மேல் ஒளியைக் காட்டுக. நீலம் பாய்ந்த வெள்ளொளியில் பழுப்பு நிறங்கள் யாவும் சாம்பல்போல் ஒன்றாகத் தோன்றினால், சருகின்மேல் கிடக்கும் விரியனும் அவ்வாறே மறைந்துவிடும். சற்று மஞ்சள் கலந்த வெள்ளொளி நிறங்களைப் பிரித்துக் காட்டுவதில் பெரும்பாலும் மேலானது. பனியிலும் மழையிலும் கண்ணுக்கு இதமானது.

(உ) விளக்கை முழுப் பிரகாசத்தில் பத்து நிமிஷம் எரியவிடுக. இதனைப் பலர் செய்வதில்லை; ஆயினும் இதுவே முக்கியமான பரீட்சை. எல்.இ.டி. உஷ்ணத்தை உண்டாக்கும். அலுமினிய உடல் அதனை வெளியேற்றும். ஆகவே உடல் சுடுவது குற்றமன்று. பிளாஸ்டிக் உடலில் உஷ்ணம் உள்ளேயே தங்கி, ஒளியும் ஆயுளும் குன்றும். பத்து நிமிஷத்திற்குப் பின் மீண்டும் பழைய விளக்கோடு ஒப்பிட்டால், தொடக்கத்தில் காட்டிய பெருமை நிலைக்கிறதா என்று விளங்கும்.

வீட்டிற்கு வந்தபின் கைப்பேசியைக்கொண்டும் அளக்கலாம். ஜன்னலில்லாத சிறு அறையில் விளக்கை மேல்நோக்கி நிறுத்தி, ஒளி கூரையில் பட்டுத் திரும்பச்செய்து, லக்ஸ் காட்டும் செயலியுள்ள கைப்பேசியைத் தரையில் முகம் மேலாக வைக்கவும். முதல் நிமிஷத்திலும், அரை மணிக்கொரு முறையும் எண்ணைக் குறித்துக்கொள்க. கைப்பேசியின் எண் திட்டமான அளவன்று; ஆனால் ஒரே இடத்தில் ஒரே கைப்பேசியால் அளந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடலாம்.

எவ்வளவு ஒளி போதும்? வரப்பில் நடக்கப் பரவிய ஒளியாக 50 முதல் 150 லூமன் வரை போதுமானது. ஏரியின் எதிர்க்கரையையோ மரத்தின் உச்சியையோ பார்க்க வேண்டின், லூமன் அதிகமாவதைக் காட்டிலும் நடுப்பொட்டு குவிந்திருத்தல் அவசியம். இரண்டும் ஒரே விளக்கில் வேண்டுவோர், முகப்பை முன்பின் நகர்த்தி ஒளியைக் குவிக்கவும் பரப்பவும் கூடியதைப் பார்க்கலாம். ஆனால் நகரும் பாகத்தின் வழியே நீரும் மண்ணும் புகக்கூடும் என்பதை மறத்தலாகாது.

4. பொத்தானைப் பரீட்சித்தல்

பிரகாசம் எவ்வளவு சிறந்ததாயினும், வேண்டிய கணத்தில் வேண்டிய ஒளியைத் தராத விளக்கு வீணே. ஒரு கையில் மண்வெட்டியோ குடையோ இருக்கும். மற்றொரு கை சேறாய் இருக்கும். அந்நிலையில் கட்டைவிரல் ஒன்றினாலேயே ஏற்றவும் அணைக்கவும் இயலவேண்டும். கடையில் கையை நனைத்துக்கொண்டு, கண்ணை மூடி, இருபது முறை அழுத்திப் பார்க்கவும். பொத்தான் இருக்கும் இடம் தடவியவுடன் தெரிய வேண்டும். ஒருமுறையேனும் அழுத்தியும் எரியாமற்போனால் வாங்கற்க.

பல எல்.இ.டி. விளக்குகளில் ஒரே பொத்தான் மிகுதி, நடுத்தரம், குறைவு, மின்னி மின்னி எரிதல் என வரிசையாக மாறும். இவ்வரிசையைத் தெரிந்துகொள்ளுதல் அவசியம். இருட்டுக்குப் பழக நம் கண்ணுக்கு இருபது முப்பது நிமிஷம் ஆகும். முதல் அழுத்தத்திலேயே பேரொளி பாய்ந்தால் அப்பழக்கம் நொடியில் போய்விடும். ஆதலின் குறைந்த ஒளியில் தொடங்குவது, அல்லது கடைசியாக உபயோகித்த நிலையை நினைவில் வைத்துக்கொள்வது, விவசாயிக்கு உகந்தது. மின்னும் நிலை சாதாரண வரிசையில் வராமல், நீண்ட நேரம் அழுத்தினால் மட்டும் வருவது மேல்.

மங்கலான நிலைகளில் சில விளக்குகள் ஒளியை விட்டு விட்டுத் தருகின்றன. அது வேகமாக நிகழ்வதால் கண்ணுக்குப் புலப்படாது. விளக்கை இருட்டில் விசிறிபோல் வேகமாக வீசினால், கோடாகத் தெரியவேண்டிய ஒளி புள்ளி புள்ளியாகத் தெரியும். இவ்வேகம் குறைவாயிருந்தால் ஓர் அபாயம் உண்டு: சுழலும் மோட்டார்ச் சக்கரமும் பெல்ட்டும் நின்றிருப்பனபோல் தோன்றக்கூடும். நின்றதென்று எண்ணிக் கை வைப்போர் கையை இழப்பர். மோட்டார்க் கொட்டகைக்கு இத்தகைய விளக்கு ஆகாது. மின்னும் நிலையையும் அங்கு உபயோகித்தல் தகாது.

மிருதுவாய் அழுந்தும் மின்னணுப் பொத்தான், அணைத்திருக்கும்போதும் சிறிதளவு மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். பையில் தானே அழுந்தி எரிந்துவிடுவதும் உண்டு. பின்புற மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினால் விளக்கு எரியாமல் நிற்குமாயின் இவ்விரண்டையும் தடுக்கலாம். “கிளிக்” என்று ஓசையிடும் பழைய முறைப் பொத்தான் இக்குறையற்றது.

5. மின்கலமும் நீர்க்காப்பும்

மலிவான சார்ஜ் விளக்குகளில் 4 வோல்ட் ஈயக் கலம் இருக்கும். அது கனமுடையது, வெறுமையாக வைத்துவிட்டால் கெட்டுவிடும். உபயோகிக்காவிடினும் மாதமொருமுறை சார்ஜ் செய்யவேண்டும். லித்தியம் கலம் இலகுவானது. நெடுநாள் சார்ஜை வைத்திருக்கும். எக்கலமாயினும் கழற்றி மாற்றக்கூடியதாய் இருத்தல் நன்று.

உடலிலேயே இருமுள் பொருத்தி நேரே சுவர்ப் பிளக்கில் செருகும் விளக்குகள் சிலவற்றில், உள்ளிருக்கும் கம்பிகளுக்கும் 230 வோல்ட் மின்சாரத்திற்கும் இடையே போதிய பிரிவு இராது. அவற்றைச் சார்ஜ் ஏறும்போது தொடுவதும், ஏற்றுவதும், திறப்பதும் உயிருக்கு ஆபத்து. கைப்பேசிச் சார்ஜரால் 5 வோல்ட்டில் ஏற்றும் விளக்கு இதனினும் பாதுகாப்பானது.

நீர்க்காப்பு எழுத்துக்களும் கவனிக்கத்தக்கவை. ஐ.பி.எக்ஸ். 4 என்பது தெறிக்கும் நீரைத் தாங்கும், ஐ.பி.எக்ஸ். 7 என்பது ஒரு மீட்டர் நீரில் அரை மணி மூழ்கினாலும் தாங்கும். ஏரிக்கரை வேலைக்குப் பின்னதே தகும். மூடியின் உள்ளே ரப்பர் வளையம் இருக்கிறதா, சார்ஜ் துவாரத்தின் ரப்பர் மூடி இறுக்கமாய்ப் பொருந்துகிறதா என்று திறந்து பார்க்கவும்.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தின்போதும், 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் கரை கடந்த பின்னரும், சென்னையின் பல பகுதிகளில் மின்சாரம் நாட்கணக்கில் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயலால் தஞ்சைப் பகுதிக் கிராமங்கள் இதனினும் நெடுநாள் இருளில் கிடந்தன. சார்ஜ் விளக்கு ஒன்றையே நம்புவோர் இரண்டாம் இரவில் கைவிடப்படுவர். ஆகவே வீட்டில் சார்ஜ் விளக்கு ஒன்றும், எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் சாதாரண மின்கலத்தால் எரிவது ஒன்றும் வைத்திருத்தல் விவேகம்.

6. முத்திரையும் ரசீதும்

எல்.இ.டி. கைவிளக்குகளும், லித்தியம் மின்கலங்களும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் கட்டாயப் பதிவு பெறவேண்டிய பொருள்கள். முத்திரையின் அருகே “ஆர்” என்னும் ஆங்கில எழுத்துடன் தொடங்கும் பதிவு எண் இருக்கும். அவ்வமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ என்னும் கைப்பேசிச் செயலியில் அவ்வெண்ணை இட்டால், பதிவு பெற்றவர் யார், எப்பொருளுக்கு என்பது தெரியவரும். எண் வேறு பொருளுக்குரியதாய் இருப்பின் முத்திரை போலி. அமைவனத்தின் தென்மண்டல அலுவலகம் அடையாற்றை அடுத்த தரமணியில் உள்ளது.

பெட்டியின் மேல் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயரும் விலாசமும், அதிகபட்ச விலையும், மாதமும் வருஷமும் இருத்தல் சட்டப்படி அவசியம். ரசீது இல்லாமல் வாங்குவோர்க்குப் பின்னர் முறையிட ஆதாரம் இராது. ரசீது உடையோர் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தெரிவிக்கலாம்.

7. கிராம அதிகாரிகளுக்கு

பஞ்சாயத்துக்கோ வெள்ளக் காப்பு வேலைக்கோ பல விளக்குகளை ஒருங்கே வாங்குவோர், “பிரகாசமான எல்.இ.டி. விளக்கு” என்று மட்டும் எழுதி விலை கேட்டல் கூடாது. பத்து நிமிஷத்திற்குப் பின் உள்ள லூமன், அவ்வொளியில் எரியவேண்டிய மணி நேரம், நீர்க்காப்பு எண், மின்கலத்தின் வகை, பதிவு எண், உத்தரவாதக் காலம் ஆகிய ஆறையும் எழுதிக் கேட்கவேண்டும். வந்த பெட்டிகளில் பத்துக்கு ஒன்று வீதம் தாமே பொறுக்கியெடுத்து, ஓர் இரவு முழுதும் எரித்துப் பார்த்த பின்னரே பற்றுச்சீட்டு அளிக்கலாம். மழைக்காலம் தொடங்குமுன், புரட்டாசி மாதத்தில், எல்லா விளக்குகளையும் ஏற்றிப் பார்த்துப் பதிவேட்டில் குறிப்பது நல்ல வழக்கம்.

நினைவில் வைக்க வேண்டியவை

மணிகளை எண்ணாதீர், ஒப்பிட்டுப் பாருங்கள்.
லூமனையும் மணி நேரத்தையும் பெருக்கி, மின்கலத்தின் அளவோடு பொருத்துங்கள்.
பத்து நிமிஷம் எரியவிட்ட பின்னரே தீர்மானியுங்கள்.
நனைந்த கையால் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.
பதிவு எண்ணும் ரசீதும் இன்றி வாங்காதீர்.
கெட்ட மின்கலத்தை வாய்க்காலிலும் குப்பையிலும் எறியாமல் சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள்.

விளக்கு எவ்வளவு நல்லதாயினும் கணுக்கால் மூடிய செருப்பும், தட்டி நடக்க ஒரு கோலும் உடன் இருத்தல் வேண்டும். பாம்பு தீண்டின் கடிவாயைக் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் கெடுதி. 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு செல்வதே செய்யத்தக்கது. அங்ஙனம் நேராவண்ணம் காப்பதற்கு, சென்னைக் கடையில் செலவிடும் அரை மணி நேரம் அதிகமன்று.